தகப்பனுக்கு வைத்த கண்ணாடிச் சட்டம்

என் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். எங்கே போனாலும் முதலில் இதைச் சொல்லிவிடுவேன். சொல்லாவிட்டால் எனக்கு நாக்கு அரிக்கும்.

மலாயாவில், புலாவ் செபாங் ரயில்நிலையத்திலிருந்து மாட்டுவண்டி போகிற தூரத்தில் எங்கள் தோட்டம். அம்மாவுக்கு ஒரு நிரை மரம், பக்கத்து நிரை எனக்கு. முப்பதுகளின் தொடக்கம், எனக்குப் பத்தொன்பது வயது. அப்பா காய்ச்சலில் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் இருந்தபோது, குடும்பமாக ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்று மலாக்கா டவுனில் அம்மா கண்ணாடிச் சட்டம் ஒன்று வாங்கினாள். சட்டம் வந்தது. போட்டோவுக்கு முன்னால் காய்ச்சல் வந்துவிட்டது. அப்பாவின் முகம் எந்தக் காகிதத்திலும் இல்லை.

பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் ஒருவர் வானத்தில் இருக்கிறார் என்று ஜெபக் கூட்டத்தில் கேட்ட நாளில், "அப்ப அவருக்கு நம்ம துக்கம் தெரியும்" என்றாள் அம்மா. அதோடு கோயிலை விட்டு வேதத்துக்கு மாறிவிட்டாள். யாரும் அவளை வா என்று அழைக்கவில்லை, தானாகவே போனாள்.

அந்த ஜெபக் கூட்டத்தை நடத்திய உபதேசியார் யாழ்ப்பாணத்துக்காரர். மலாக்காவில் ஆபீஸ் வேலை. மாதம் ஒருமுறை ரயிலேறி வருவார். கிறிஸ்துமஸுக்கு அவர் கொடுத்த சின்ன இயேசு படத்தை அம்மா சோற்றுப் பருக்கையால் சுவரில் ஒட்டினாள். அதற்கு ஒரு சாண் மேலே ஆணி அடித்து அந்த வெற்றுச் சட்டத்தை மாட்டினாள். "மகனுக்கு எடம் இருக்கு, தகப்பனுக்கு எடம் இல்லன்னா நல்லாவா இருக்கும்?"

அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "என்னக்கா, உங்க பெரிய சாமி லீவுல போயிருக்காரா?"

"அவரு எங்கயும் போகலடி. போட்டோ புடிக்கத்தான் ஆளு கெடைக்கல."

வரிசை வீடுகளாய் நின்ற எங்கள் லயமே சிரித்தது. அம்மாவும்தான்.

ஞானஸ்நானத்துக்கு முன்னால் உபதேசியார் வீட்டுக்கு வந்து கேள்வி கேட்பது வழக்கம். படிப்பில்லை என்று அம்மாவை ஏற்கெனவே ஒரு வருடம் தள்ளி வைத்திருந்தார்கள். இந்தத் தடவையும் தவறினால் இன்னொரு வருடம். சனிக்கிழமை, பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து குளித்து, வெள்ளைச் சேலை கட்டி அவள் காத்திருந்தாள். அவர் வந்ததும் சுவரைத்தான் பார்த்தார்.

"இது ஆருக்கு அம்மா?"

"அப்பாவுக்குங்க. ஏசுசாமியோட அப்பாவுக்கு."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உப்பிடி வைக்கக் கூடாது. ஒராள் மேலை, ஒராள் கீழையோ? அப்ப மகன் குறைஞ்சவரோ? உங்கட வீட்டிலை ரெண்டு கடவுளோ?"

அம்மா அண்ணாந்து சட்டத்தைப் பார்த்தாள்.

"தகப்பனைத் தனியாத் தேட வேண்டாம். மகனுக்குள்ளைதான் அவர். இது விளங்கின பிறகு ஞானஸ்நானத்தைப் பாப்பம்."

எனக்குக் கொதித்தது. "மரத்துக்கு மரம் ஜெபம் சொல்லிக்கிட்டே வெட்டறவங்க ஐயா எங்கம்மா" என்றேன். அம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

எழுந்து போய்ச் சட்டத்தைக் கழற்றினாள். முந்தானையால் துடைத்துப் பாயில் வைத்தாள். பிறகு படத்தின் ஓரங்களில் தண்ணீர் தொட்டு வைத்து, நகத்தால் மெல்ல மெல்லக் கிளப்பினாள். மரத்துக்குக் காயம் படாமல் பட்டை சீவத் தெரிந்த கை அது. மூலை கூடக் கிழியவில்லை. சட்டத்தின் பின்பலகையை எடுத்து, படத்தை நடுவில் வைத்து மூடினாள். சட்டம் பெரியது, படம் சின்னது. இயேசுவைச் சுற்றி நாலு பக்கமும் வெறும் பலகை.

"ஐயா, ரெண்டு பேருக்கும் தனித்தனியா எடம் போட்டது என் தப்புதாங்க. இப்பப் பாருங்க. நடுவுல கண்ணுக்குத் தெரியறாரே, அது மகன். சுத்தித் தெரியாம இருக்கறவரு அப்பா. யாரு மேல, யாரு கீழ? இவரத் தூக்கினா அவரும் கூடவே வர்றாரு."

சட்டத்தைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள்.

அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "எனக்கு ஆரும் இப்பிடிச் சொல்லித் தரேல்லை அம்மா" என்றார். அடுத்த கேள்வி வரவில்லை. எங்கள் லயத்தில் அதுவரை தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத மனிதர், பாயில் உட்கார்ந்து, "கொஞ்சம் கோப்பி கிடைக்குமோ?" என்று கேட்டார். அந்தக் கோப்பியைப் போட்டவள் நான். சீனியை இரண்டு மடங்காய்க் கொட்டிவிட்டேன்.

மறுநாள் அம்மா ஞானஸ்நானம் பெற்றாள். திரும்பி நடக்கும்போது என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "நம்ம அப்பா போட்டோவுக்குன்னு வாங்கின சட்டமாச்சேம்மா?"

"உங்கப்பாவும் அந்தச் சுத்துலதான்டி எங்கயாவது இருப்பாரு" என்றாள்.

அவள் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கப் போனேன், விடவில்லை. லயத்து வாசல் ஒவ்வொன்றையும் அந்த ஈரத் தலையோடுதான் கடந்து போனாள், நிமிர்ந்து.