பிரிக்காத பசை

மேசை இழுப்பறையை ஒழித்தபோது, தீர்ந்த பேட்டரிகளுக்கும் துருப்பிடித்த திருகாணிகளுக்கும் அடியில் அந்தக் குழல் கிடைத்தது. ஊசி போடும் சிரிஞ்சு போலிருக்கும். உள்ளே வெள்ளைப் பசை. கணினியின் பிராசசருக்கும், அதன் சூட்டை வாங்கிக்கொள்ளும் அலுமினியத் தகட்டுக்கும் நடுவில் தடவுவதற்கென்றே விற்பது. ரிச்சி தெருவில் ஆசை ஆசையாக வாங்கி வந்தேன். இத்தனை வருடத்தில் மூடியைக்கூடத் திருகியதில்லை. காரணம் எங்கள் நைனா.

நைனா காசிமேட்டில் விசைப்படகு ஓட்டினார். கரையில் அவரை நம்பி ஒரு வேலை கொடுக்க முடியாது. அம்மா கொத்தமல்லிக்கு அனுப்பினால் கல்மண்டபம் மார்க்கெட் முழுக்கப் பேசி முடித்துவிட்டு வெறுங்கையோடு வருவார். சுக்கானைப் பிடித்தால் மட்டும் வேறு ஆள் என்று கூடப் போனவர்கள் சொல்வார்கள். ஐம்பதை நெருங்கும்போது காதுக்குள் ஏதோ பிசகித் தலைசுற்றல் வந்தது. ஒரு நாள் சுக்கானைப் பிடித்தபடியே சரிந்து விழுந்தார். பிறகு கரையோரம் கட்டிப்போட்ட படகில் கால் வைத்தாலும் துறைமுகமே சுழன்றது. இனிமேல் கடல் கூடாது என்றார் டாக்டர். எங்கள் மொட்டைமாடியில் நின்றால் படகுகள் கிளம்பும் சத்தம் கேட்கும். எஞ்சின் சத்தத்தை வைத்தே இன்னார் படகு என்று நைனா சொல்லிவிடுவார். கொஞ்ச நாளில் அதைச் சொல்வதையும் நிறுத்திக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது.

நான் அப்போது ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். அங்கே கழித்துக்கட்டிய கணினி ஒன்று என் பங்காக வீட்டுக்கு வந்தது. அதில் கப்பல் ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டிருந்தேன். ஒரு மத்தியானம் நைனா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"சுக்கான் எங்க கீது?"

அம்புக்குறி போட்ட நான்கு பொத்தான்களைக் காட்டினேன். அவர் வாசலுக்குப் போய்க் காலில் கிடந்த செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். படகில் செருப்புக் காலோடு ஏறமாட்டார். அம்மாவும் அதைக் கவனித்திருக்க வேண்டும். கடலுக்குப் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அவள் சுற்றிக்கொண்டு வந்து, திரைக்குப் பக்கத்தில் நின்று, "சோறு ஆறுது" என்றாள்.

ஆனால் அது கிழட்டுக் கணினி. அதில் அலை ஓடவில்லை. ஓர் அலை எழும்பும், அந்தரத்தில் நிற்கும், பிறகு சட்டென்று வேறெங்கோ கிடக்கும். நைனா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய் வாந்தியெடுத்தார். முகத்தைத் துடைத்தபடி வந்து, "கடலு ஒயுங்கா ஓடுனா எனுக்கு ஒண்ணும் ஆவாதும்மா. இது நொண்டுது" என்றார்.

அந்தக் கடலை ஓடவைத்தே தீருவதென்று நான் முடிவு செய்தது அப்போதுதான். கூடுதல் ராம் ஒன்றும், பழையதானாலும் நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்றும் தேடிப்பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் பேப்பர் விரித்துப் பெட்டியைத் திறந்தேன். "நம்ப ஊட்டு காத்து இரும்பையே துன்னும்" என்று நைனா சொன்னது பொய்யில்லை. திருகாணி மொத்தமும் உப்புத் துரு. ராமின் பித்தளை நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, கார்டோடு சேர்த்துப் பொருத்தினேன். தகட்டைக் கழற்றினால், பழைய பசை சுண்ணாம்பாகக் காய்ந்து உதிர்ந்தது. புதுப் பசை வாங்க மறந்திருந்தேன். நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லும்போதே தெருவில் தண்ணீர் லாரி வந்துவிட, குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

திரும்பி வந்தால் தகடு அதன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. ஓரமெல்லாம் மஞ்சளாக ஏதோ பிதுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் படகு எஞ்சினுக்குப் போடும் கிரீஸ் டப்பா.

"இன்னா நைனா பண்ணி வெச்சிகீற?"

"சூடாவுற எடத்துல கிரீஸ் வெக்காம எவனாவது ஓட்டுவானா?"

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அதற்குள் அவர் எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பெட்டியை மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தார். பிரித்துப் பூட்டிய எஞ்சினை அப்படிச் செய்யாமல் கிளப்பமாட்டார்கள். அவர் முகத்தைப் பார்த்த பிறகு சண்டை போட மனசு வரவில்லை. அவர் பழத்தை அறுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்ததும், ஆனது ஆகட்டும் என்று சுவிட்சைப் போட்டேன்.

கடல் ஓடியது. ஒன்றன்பின் ஒன்றாக அலைகள் எங்கள் கூடத்துக்குள் வந்துகொண்டே இருந்தன. கப்பலின் மூக்கு மெல்ல ஏறியது, மெல்ல இறங்கியது. நைனாவின் உடம்பும் கூடவே சாய்ந்து நிமிர்ந்தது. தலை சுற்றவில்லை. கொஞ்ச நேரத்தில் பெட்டியிலிருந்து வெதுவெதுப்பாக ஒரு வாசனை கிளம்பியது. சூடேறிய கிரீஸ். அறுத்த எலுமிச்சம்பழத்தோடு கலந்து, படகின் எஞ்சின் அறையே வீட்டுக்குள் வந்துவிட்டதுபோல இருந்தது. "வாடைக்காத்து எறங்கிடுச்சி" என்றார் நைனா, யாரிடமும் இல்லாமல். அடுப்படி வாசலில் அம்மா அப்படியே நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் சட்டையில் அடித்துத் துவைத்தும் போகாத வாசனை அது. அவள் அழுதாள், எனக்கும் அழுகை வந்தது.

பிறகு சூடு தாங்காமல் கணினி தானாக அணைந்தது. நான் சுவிட்சை நோக்கிப் பாய்ந்தேன். நைனா கைகளை எடுத்துக்கொண்டு, "கரை வந்துட்ச்சி" என்று எழுந்தார். சாயங்காலம் தோறும் இப்படித்தான். கிரீஸ் இளகும்வரை ஓட்டுவார், அணைந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போவார். மறுபடி ஊர்க்கதை பேச ஆரம்பித்தார், படகுச் சத்தத்துக்குப் பெயர் சொன்னார்.

எனக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை. ரிச்சி தெருவுக்குப் போய் இந்தக் குழலை வாங்கி வந்து நீட்டினேன். "இத்த போட்டா மெஷினு நிக்கவே நிக்காது நைனா."

அவர் அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நிக்காத போட்டுல ஏறுனா ஊட்டுக்கு எப்பம்மா வர்றது?"

நைனா போய்ச் சேர்ந்து வருடங்களாகின்றன. இப்போது என்னிடம் இருக்கும் கணினியில் அலைக்கு நுரை உண்டு, நுரைமேல் வெயில் மின்னும். சூடாவதில்லை, வாசனையில்லை, நிற்பதுமில்லை. இன்று குழலை மேசைமேல் வைத்துவிட்டு, அதே மாதிரி ஒரு விளையாட்டில் கப்பலைக் கிளப்பினேன். எவ்வளவு நேரம் போனேனோ தெரியாது; கரையே காணவில்லை.

பின்னால் அம்மாவின் கால் சத்தம் கேட்டது. முழங்கால் வலியோடு சுவரைப் பிடித்துப் பிடித்து நடப்பவள், நான் இருக்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டு மெதுவாக முன்னால் வந்தாள். திரைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"சோறு ஆறுது."

குழலை இழுப்பறையில் போட்டு மூடினேன். "கரை வந்துட்ச்சிம்மா" என்று எழுந்தேன்.