கதையில் வைத்த பெயர்

என் அக்கா தலைப்பிரசவத்தில் இறந்தாள். குழந்தையும் தங்கவில்லை. வருஷம் திரும்புவதற்குள் அவள் வீட்டுக்காரர், என் மாமா, வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார். அறுபதுகளின் நடுவில், பிள்ளையார்பாளையத்தில், அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. தறி இருக்கிற வீட்டில் பெண்பிள்ளை இல்லாமல் எப்படி என்றார்கள். பட்டு நூலை இழைத்துச் சுற்றித் தரவும் சோறாக்கவும் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

நான் அப்போது பெண்கள் பள்ளி ஒன்றில் டீச்சர். வாரப் பத்திரிகைகளுக்குக் கதையும் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த ஆத்திரத்தில் ஒரு கதை எழுதினேன். புது மனைவி வருவதற்கு முதல் நாள், செத்துப்போனவளின் போட்டோவை மாமியார் கழற்றி அரிசி மூட்டைக்குப் பின்னால் வைப்பாள். அதோடு கதை முடியும். அச்சில் வந்தபோது முடிவு வேறாக இருந்தது. இரண்டாவது மனைவிக்குப் பெண் பிறக்கிறது. அவளே மூத்தவளின் பெயரை அதற்கு வைக்கிறாள். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கடைசிப் பத்தியில் ஒரு வரிகூட நான் எழுதியதில்லை. ஏன் மாற்றினார்கள் என்று கேட்பதற்காகப் பட்டணத்திலிருந்த பத்திரிகை ஆபீசுக்கே போனேன்.

"செத்தவங்களை அப்படியே விட்டுட்டா வாசகிங்களுக்கு மனசு ஆறாதும்மா," என்றார் பத்திரிகை ஆசிரியர். "ஒரு குழந்தைக்கு அந்தப் பேரை வெச்சிட்டா, அவ போகவே இல்லைன்னு ஆயிடும்."

ஊரில் எல்லோரும் அந்தப் பத்தியைத்தான் பாராட்டினார்கள். மாமாவின் புது மனைவியும் படித்தாள். நல்ல பெண்தான். மூத்தவளின் தாய்வீடு இளையவளுக்கும் தாய்வீடு என்பது எங்கள் வழக்கம்; என் அம்மாவை அவளும் அம்மா என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்குப் பெண் பிறந்ததும் அக்காவின் பெயரையே வைத்தாள். அம்மாதான் குழந்தையின் காதில் அந்தப் பெயரைச் சொன்னாள். அக்கா போன பிறகு அம்மா சிரித்து அன்றுதான் பார்த்தேன். ஆசிரியர் சொன்னது சரிதானோ என்றுகூட நினைத்தேன்.

குழந்தை நடக்கத் தொடங்கியதும் வினை ஆரம்பித்தது. எங்கள் கொல்லைக்கும் அவர்கள் கொல்லைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். குழந்தை பட்டு நூலைச் சிக்கலாக்கும். கஞ்சித் தண்ணீரைக் கொட்டும். இளையவள் கத்துவாள். சனியனே, எங்கயாவது ஒழிஞ்சி போ, செத்துத் தொலை. எல்லாத் தாயும் திட்டுகிற திட்டுதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் முன்னால் அக்காவின் பெயர் இருந்தது. பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும் அம்மாவின் கை அப்படியே நின்றுவிடும்.

ஒரு நாள் அம்மா சாம்பல் கையோடு எழுந்து அவர்கள் வீட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"வேற எதுனா சொல்லித் திட்டும்மா. அந்தப் பேரைச் சொல்லி சாவுன்னு சொல்லாத. வயிறு எரியுது."

அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். மாமா தறியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"உங்களுக்காகத்தாம்மா வெச்சேன். கதையில வெச்சாங்கன்னு வெச்சேன். நாள் பூரா அவங்க பேரைச் சொல்லிக்கினே இருக்கேன், எனக்கு மட்டும் நல்லாவா இருக்குது?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "ஏங்க்கா, கதையில அந்தப் புள்ளைய அப்புறம் யாரும் திட்டவே மாட்டாங்களா?"

"கதை அதோட முடிஞ்சிடுச்சி," என்றேன்.

"உங்களுக்கு முடிஞ்சிடுச்சி," என்றாள்.

அடுத்த நாளிலிருந்து குழந்தையை வேறு பெயரால் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோதும் அதையே கொடுத்தார்கள். திட்டு நிற்கவில்லை, பெயர் நின்றுபோனது. அம்மா கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் எழும்போதெல்லாம் அவள் வேலையை விட்டுவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்பாள். ஒரு சாயங்காலம் என்னிடம் சொன்னாள்:

"நான் வாயை மூடிக்கினு இருந்திருக்கலாம். இப்ப திட்டறதுக்குக்கூட அவ பேரைச் சொல்ல ஆளில்ல."

ஆசிரியர் தீபாவளி மலருக்கு ஒரு கதை கேட்டு எழுதினார். முன்பு வந்தது போலவே மனசு நிறைகிற முடிவாக இருக்கட்டும் என்றார். செத்தவள் செத்தவளாகவே இருக்கிற கதை ஒன்றை அனுப்பினேன். அது திரும்பி வந்துவிட்டது.