முதல் கயிறும் எட்டுத் தாய்மாரும்

கோலாட்டம் சொல்லிக்கொடுக்கிற தொழிலில் ஒரு நியாயம் உண்டு: பிள்ளை நன்றாக ஆடினால் தாயைக் கொண்டு பிறந்திருக்கிறது, தப்பாக ஆடினால் அண்ணாவி சரியில்லை. பிள்ளைகளுக்கு எதையாவது சொல்லிக்கொடுத்துப் பார்த்தவர்களுக்கு என் பாடு தெரியும்.

சேரன்மகாதேவிக்கு ரயில் வந்த புதிதில் நான் அங்கே அண்ணாவி. எனக்கு முன்னால் என் அப்பா. தீபாவளி கழிந்ததும் களிமண்ணில் பசுவும் கன்றும் செய்துவைத்து, அதன் முன்னே பெண்பிள்ளைகள் பின்னல் கோலாட்டம் ஆடுவார்கள். பிறகு அதை ஆற்றில் கொண்டுபோய் விடுவார்கள். பந்தல் உச்சியிலிருந்து தொங்கும் எட்டுக் கயிற்றை எட்டுப் பேர் பிடித்து, ஆடிக்கொண்டே ஜடையாகப் பின்ன வேண்டும். ஆடிக்கொண்டே அவிழ்க்கவும் வேண்டும். பின்னுவதை எந்தப் பிள்ளையும் செய்துவிடும். அவிழ்ப்பதில்தான் அண்ணாவிக்கு வேர்க்கும்.

முதல் கயிறு

சிவப்புக் கயிறுதான் முதல் கயிறு. தலைமுறை தலைமுறையாக அது சிவகாமி வீட்டுப் பெண்களுக்கு. நான் தொழிலுக்கு வந்த முதல் வருஷம் அதைப் பிடித்தவள் சிவகாமி. நான் சொல்கிற வருஷம் அவள் மகள் காந்திமதி, ஏழு வயது. பின்னும்போது பிள்ளை பம்பரம்தான். அவிழ்க்கும்போது மட்டும் நாலாவது சுற்றில் இடப்பக்கம் திரும்பாமல் வலப்பக்கம் திரும்பிவிடுவாள்.

பக்கத்து வீட்டுக் கோமதிக்கும் ஒரு மகள் இருந்தாள். காந்திமதி சிக்கவைத்தால் அடுத்த வருஷம் கயிறு தன் மகளுக்குக் கைமாற வேண்டும் என்று கோமதி ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லிவைத்துவிட்டாள். அன்றிலிருந்து சிவகாமி தினமும் வந்து எனக்குப் பாடம் நடத்தினாள். "என் காலத்துல மழை மட்டும் வரலைன்னா நான் கடைசி வரைக்கும் அவுத்திருப்பேன், அண்ணாவி. நீங்க ஒழுங்கா சொல்லிக்குடுங்க."

ரயில்

ஒரு நாள் ஒத்திகையில் நாலாவது சுற்றை நெருங்கிவிட்டோம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாடுகிறேன். ரயில் ஊதியது. எட்டுப் பேரும் கயிற்றைப் போட்டுவிட்டு ஓட்டம். முதலில் ஓடியவள் காந்திமதி. திரும்பி வந்ததும் நான் போட்ட சத்தத்தில் என் தொண்டைதான் கட்டிக்கொண்டது. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "பின்னல் இங்கனயேதான் கிடக்கும், அண்ணாவி. ரயிலு போயிருமுல்லா?"

மேலப்பாளையத்துத் தறிக்காரர்

கயிற்றுக்குச் சாய நூல் வாங்க மேலப்பாளையம் போனேன். வழக்கமாக நூல் தருகிற தறிக்காரர் என் முகத்தைப் பார்த்தே என்ன என்று கேட்டார். நாலாவது சுற்றைப் பற்றிச் சொன்னேன். எட்டுத் தாய்மாரும் சுற்றி நின்று எட்டு விதமாகத் திருத்துவதையும் சொன்னேன். தறியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "நூலு அறுந்தா நான் முடிச்சுப் போட்டுட்டுப் போயிருவேன். நல்லவேளை, நூலுக்கெல்லாம் அம்மா கிடையாது, வே."

நாலாவது சுற்று

பசுவுக்கு முன்னே ஆடுகிற நாள் வந்தது; அன்று சாயங்காலம் வானம் வெளுத்திருந்தது. மழை வந்து காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் போயிற்று. பின்னல் அழகாக விழுந்தது. அவிழ்த்தார்கள்: ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதில் காந்திமதி வலப்பக்கம் திரும்பினாள். கயிறு இறுகியது. எட்டுப் பேரும் நின்றார்கள். பிள்ளைக்கு உதடு துடித்தது. கோமதி பெரியவர்களைப் பார்த்தாள். பெரியவர்கள் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கூட்டத்தில் சிவகாமி எழுந்தாள். "அவள ஒண்ணும் சொல்லாதீங்க. அந்த வருஷம் மழை வருமுன்னயே நான் இதே நாலாஞ்சுத்துலதான் சிக்கவச்சேன். அண்ணாவிக்குத் தெரியும், இத்தனை வருஷமா வாயைத் திறக்கல."

முதலில் சிரித்தது கோமதிதான். காந்திமதி தாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணைத் துடைத்தாள். பைய ஓரடி பின்னால் வந்து, கயிற்றுக்கு அடியில் குனிந்து, இடப்பக்கம் திரும்பினாள். நான் பாட்டை எடுத்தேன். எட்டுக் கயிறும் தனித்தனியாகப் பிரிந்து தொங்கின. எனக்கு வந்த சந்தோஷத்தில் தாளம் தப்பிவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. காந்திமதி சிவப்புக் கயிற்றை விடாமலே தாயைப் பார்த்துச் சொன்னாள்: "மழையும் வரல, நான் அவுத்துட்டேன் பாத்தியா?"

சிக்கலும் தாய்வழிதான் என்று ஒருத்தி ஊரறியச் சொன்னது என் தொழிலில் அந்த ஒரே தடவைதான்; அடுத்த வருஷம் பழி பழையபடி என் தலைக்கே வந்துசேர்ந்தது.