நகத்துக்குத் திறக்காத கத்தி

கிராம சேவிகா வேலையில் சேர்ந்த முதல் வருஷத்திலேயே என்னிடம் இரண்டு கத்திகள் செத்துப்போயின. முதலாவது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பென்சில் சீவுகிற பேனாக்கத்தி. சோப்புக் கட்டியை வில்லை வில்லையாக நறுக்கிக் காட்டிக்கொண்டிருந்தபோது அதன் அலகு சடக்கென்று மடங்கி என் ஆள்காட்டி விரலைக் கடித்தது. சுற்றி நின்ற பெண்களில் ஒருத்தி, "சோப்பு செய்யச் சொல்லித் தர வந்தவங்க ரத்தத்துல கை கழுவுதாவ" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உயிர் போகிற வலி, இருந்தாலும் நானும் சிரித்தேன். இரண்டாவது, குற்றாலத்தில் சீசன் கடையில் வாங்கிய மீன் வடிவப் பித்தளைக் கத்தி. பார்க்க அழகு. முருங்கைக் கொம்பு ஒன்றை வெட்டுவதற்குள் ஆணி கழன்றுவிட்டது. மீன் ஒரு கையிலும் அலகு ஒரு கையிலுமாக நின்றேன்.

ஐம்பதுகளின் கடைசி அது. புகையில்லாத அடுப்பு போடவும், கொல்லையில் கீரைப் பாத்தி கட்டவும், பால் பவுடரைக் கட்டி தட்டாமல் கரைக்கவும் சொல்லிக்கொடுக்க அரசாங்கம் என்னைப் போன்ற பெண்களைக் கிராமங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. எனக்கு ஏழு கிராமங்கள். தென்காசியிலிருந்து பஸ், பஸ் நின்ற இடத்திலிருந்து நடை. தோள்பையில் நோட்டீஸ் கட்டு, விதைப் பொட்டலங்கள், ஒரு துண்டு, ஒரு கத்தி. அந்த ஏழில் எந்தக் கிராமத்தை நினைத்தாலும் இப்போதும் எனக்கு முதலில் வருவது கால் வலிதான்.

கத்தி எதற்கு, எந்த வீட்டில்தான் அரிவாள்மனை இல்லை என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். கீரையை நறுக்கிய பிறகு கழுவக் கூடாது, கழுவிவிட்டு நறுக்க வேண்டும் என்று காட்டுவதற்காக, ஒரு நாள் மேலத்தெருவில் ஒரு வீட்டில் அரிவாள்மனை வாங்கிக்கொண்டு கீழத்தெருவுக்குப் போனேன். வேலை முடிந்ததும் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவித் திருப்பிக் கொண்டுபோனேன். அந்த வீட்டுப் பெண் நிலைப்படியைத் தாண்டி வரவில்லை.

"அது உங்ககிட்டயே இருக்கட்டும், சேவிகாம்மா. நீங்களே வச்சுக்கிடுங்க" என்றாள். கோபமே இல்லை. ஒரு மாம்பழம் கொடுக்கிற குரலில்தான் சொன்னாள்.

கீழத்தெருவில் கொண்டுபோய்க் கொடுக்கவும் எனக்கு வாய் வரவில்லை. எதற்குக் கொடுக்கிறீர்கள் என்று கேட்பார்கள். காரணத்தை நான் சொல்ல வேண்டியிருக்கும். அரிவாள்மனையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் அதைப் பிடுங்கி டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்தார்.

வீட்டில் அக்கா இருந்தாள். என்னைவிட எட்டு வயது மூத்தவள். இருபது வயதில் தாலி அறுத்துவிட்டுத் திரும்பி வந்தவள். அப்பா, அம்மா போன பிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டும் தென்காசியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான் வேலைக்குப் போவேன், அவள் வீட்டைப் பார்த்துக்கொள்வாள். அரிவாள்மனையைப் பார்த்ததும், "என்னட்டி, சம்பளத்துக்குப் பதிலா இதைக் குடுத்துட்டாவளா?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். அவள் அதைக் கொல்லைக் கதவுக்குப் பின்னால் சுவரைப் பார்க்க வைத்தாள். நாங்களும் அதில் ஒரு வெங்காயம்கூட நறுக்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அவள் தொடமாட்டாள். தொடு என்று நானும் சொல்லவில்லை. ஊருக்குப் புத்தி சொல்ல மாசச் சம்பளம் வாங்கியவள் நான்.

ஆகவே எனக்கென்று ஒரு கத்தி வேண்டும், யாரிடமும் இரவல் கேட்கத் தேவையில்லாத கத்தி. பையைக் கிழிக்காமல் மடங்க வேண்டும், விரலைக் கடிக்காமல் நிற்க வேண்டும். சோப்பும் முருங்கைக் கொம்பும் கோழிக்கூட்டுக்கான மூங்கில் சிம்பும் அதற்கு ஒன்றாக இருக்க வேண்டும்.

ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்துக்குப் போனோம். தனியாக ஒரு பெண் கடை கடையாகக் கத்தி பார்த்தால் ஊர் என்ன நினைக்கும் என்று அக்காவும் கிளம்பிவிட்டாள். அருவியில் குளித்து, ஈரத் தலையோடு மூன்று கடைகள் ஏறி இறங்கினோம். எனக்கு இப்போது பார்க்கத் தெரிந்திருந்தது. அலகை விரித்து இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தேன். ஆடினால் வேண்டாம். முதுகைப் பலகையில் ஊன்றி அழுத்தினேன். மடங்கினால் வேண்டாம். எல்லாமே ஆடின, எல்லாமே மடங்கின.

மூன்றாவது கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "யாருக்கு தாயி? வீட்டுக்காரருக்கா?"

அக்கா முந்திக்கொண்டாள். "ஆமா. என் வீட்டுக்காரருக்கு. மேலோகத்துல மாம்பழம் நறுக்குதாரு, நல்ல கத்தி இல்லாமத் தவிக்குதாரு."

அவர் கத்திகளைத் திரும்ப அடுக்க ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. அவள் தன் புருஷனைப் பற்றிப் பேசி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

திரும்பித் தென்காசிக்கு வந்து, கோயில் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமையும் அரைக்கதவு திறந்திருக்கும் ஓர் இரும்புக்கடைக்குப் போனோம். கடை அண்ணாச்சி நான் கேட்டதை முழுசாகக் கேட்டார். பிறகு உள்ளே போய் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தார். எருமைக்கொம்புப் பிடி, மூன்று ஆணி, ஒரே ஒரு அகலமான அலகு. கறுத்துப்போய் அழகில்லாமல் இருந்தது.

"மினுக்கத்தைப் பாக்காதீங்கம்மா. பின்னால அலகைப் பிடிச்சு நிறுத்துத வில்லு இரும்பைப் பாருங்க. செங்கோட்டைக்கு மேல எஸ்டேட்டுல உள்ளவங்க வாங்குதது" என்று சொல்லி, கடை வாசலில் தொங்கிய தேங்காய்நார்க் கயிற்றில் ஒரு முழத்தை ஒரே இழுப்பில் அறுத்தார். நான் முதுகை ஊன்றி உடம்பையே சாய்த்தேன். அலகு அசையவில்லை. இதுதான் என்று தெரிந்துவிட்டது. மடக்கிவிட்டுத் திறக்கப் பார்த்தேன். அலகில் நகம் வைக்க வெட்டியிருந்த பள்ளத்தில் நகத்தை வைத்து இழுத்ததும் நகம் ஒடிந்தது. அடுத்த நகமும் ஒடிந்தது.

"புதுசுல்லா. பழகப் பழக இளகிரும்" என்றார் அண்ணாச்சி.

அக்கா எடுத்தாள். பனங்கிழங்கும் புளியும் உரித்து உரித்துக் காய்த்துப்போன கட்டைவிரல் நகம் அவளுக்கு. ஒரு நெம்பு நெம்பினாள், களக்கென்று திறந்துகொண்டது.

"இதையே வாங்குட்டி."

"எனக்குத் திறக்க வரலையேக்கா."

"போற எடத்துல யாரையாவது தெறந்து தரச் சொல்லிக் கேளு. நீ செத்தாலும் ஒருத்தர்கிட்டயும் ஒண்ணும் கேக்கமாட்டே. அதான் உனக்குள்ள சீக்கு."

அண்ணாச்சி கத்தியை மடக்கி என்னிடம் நீட்டினார். "கையில குடுக்காதீங்க அண்ணாச்சி, பலகையில வைங்க" என்றாள் அக்கா. அவரும் நாக்கைக் கடித்துக்கொண்டு பலகையில் வைத்தார். கத்தியைக் கையோடு கை கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் ஆகாமல் போய்விடும் என்பார்கள். கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் வீட்டில் வம்பு வேண்டாமென்று கடைப்பிடித்தேன்.

கத்தி உழைத்தது. எந்தத் தெருவுக்குப் போனாலும் பையிலிருந்து எடுத்து, கூசிக் கூசி, "இதைக் கொஞ்சம் திறந்து தாங்க" என்று கேட்பேன். நாலு பெண்கள் கூடி ஆளுக்கொரு நகமாக முயற்சி செய்வார்கள். திறந்தவளுக்கு அன்றைக்குப் பெருமை. மேலத்தெருவில் திறந்த கத்தி கீழத்தெருவுக்கும் போனது. இதனால் அந்த ஊர் மாறிவிட்டது என்று எழுதினால் எனக்கு வெட்கமாக இருக்கும். ஒன்றும் மாறவில்லை. என் கீரை மட்டும் நறுக்கப்பட்டது.

வீட்டில் அந்தக் கத்திக்கு அடுப்படிக்குள் இடமில்லை. எங்கே எதையெல்லாம் நறுக்கியதோ என்று அதை முன்னறை ஜன்னலில் வைக்கச் சொல்வாள் அக்கா. ஆனால் தினமும் காலையில் அதற்கு ஒரு சொட்டு நல்லெண்ணெய் விடுவதும் அவள்தான். பழகப் பழக இளகும் என்றார்களே, மூன்று வருஷமாகியும் ஏன் இளகவில்லை என்று நான் கேட்டால், "உன்னை மாதிரியே" என்பாள்.

பிறகு அந்த நாள் வந்தது. ஐப்பசி மழை. கடைசி கிராமத்தில் பஸ் தப்பிப்போய், சேற்றில் நாலு மைல் நடந்து, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்தேன். ஒரு வாரமாக எந்த வீட்டிலும் யாரும் அடுப்பை மாற்றவில்லை. போட்ட இரண்டு அடுப்புகளையும் இடித்திருந்தார்கள். நான் எதற்காக நடக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. பண்பொழியில் இருக்கும் சித்தி அனுப்பிய நார்க்கூடை ஒன்று முன்னறையில் கிடந்தது. அதன் கட்டுக்கயிற்றை அறுக்க அக்கா கத்தி கேட்டாள். பையிலிருந்து எடுத்து அவள் கையில் திணித்தேன்.

"கீழ வைக்கக் கூடாதாட்டி?"

"வைக்க முடியாது. ஊரெல்லாம் போய் இந்தச் சாத்திரத்தைத்தான் கேட்டுட்டு வாரேன். சம்பாதிக்கவும் செய்யணும், வீட்டுக்கு வந்தா உன் சாத்திரத்தையும் கேக்கணுமா?"

சம்பாதிக்கவும் என்ற சொல் வாயை விட்டு வந்ததும் எனக்கே அது கேட்டது. அவளுக்கும் கேட்டது. மெதுவாகக் கத்தியைத் திறந்து, கயிற்றை அறுத்து, மடக்கி, ஜன்னலில் வைத்தாள். அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவள் எனக்கு மோர் ஊற்றினாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. காலையில் கேட்கலாம் என்று இருந்தேன். காலையில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

பத்து நாள் கழித்துக் கடையத்திலிருந்து அவளுடைய கொழுந்தன் கடிதம் போட்டிருந்தார். அவர் மனைவிக்கு மூன்றாவது பிரசவம், உதவிக்கு ஆள் இல்லை, மதினி வர முடியுமா என்று. முன்பும் இரண்டு தடவை இப்படிக் கேட்டார்கள். என்னைத் தனியாக விட்டுவிட்டு எப்படி வர என்று மறுத்துவிட்டவள்தான். இந்தத் தடவை தகரப் பெட்டியை எடுத்தாள். "அங்கன போனா ஒருத்தருக்காவது ஒத்தாசையா இருக்கும்" என்றாள். போகாதே என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் நின்றிருப்பாள். எனக்கு அது நன்றாகத் தெரியும். சொல்லவில்லை. பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால், "கத்தியைக் கையில குடுத்தே, பாத்தியா" என்று மட்டும் சொன்னாள்.

அதுவரை நான் வீட்டுச் சாவியைக் கையில் வைத்திருந்ததே இல்லை. எந்நேரம் வந்தாலும் கதவு திறந்திருக்கும், அடுப்படியில் விளக்கு எரியும். இப்போது பையில் ஒரு பெரிய இரும்புச் சாவி சேர்ந்துகொண்டது. நானே பூட்டி, நானே திறந்து, காலையில் வைத்த பழைய சோற்றை நின்றபடியே சாப்பிட்டேன். கத்தியைத் திறக்கவும் அந்தச் சாவியின் முனையையே வைத்து நெம்பினேன். யாரையும் கேட்கிற வேலை மிச்சம். கிராமத்துப் பெண்கள் ஒருநாள், "ஏன் சேவிகாம்மா, எங்க நகம் ஆகாதா?" என்று கேட்டார்கள். சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு கீரையை எடுத்தேன்.

தை மாதம் ஒரு காலையில் சாவியைத் தேடிக்கொண்டே சும்மா நகத்தை வைத்தேன். கத்தி திறந்துகொண்டது. அலகின் அடியில் பார்த்தால், மூன்று வருஷம் விட்ட நல்லெண்ணெய் பிசினாகி அடையடையாக உதிர்ந்துகொண்டிருந்தது. எண்ணெய் விட ஆள் இல்லாமல் கத்தி இளகிவிட்டது. அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

மாசியில் அக்காவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. பெண் குழந்தை, சுகம், நீ சுகமா என்று எழுதி, கீழே இடுக்கி ஒரு வரி: கத்தியை யார் திறக்கிறார்கள்? பதில் எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். என்ன எழுதினாலும் பொய்யாக வந்தது. சித்திரை வெயிலில் கடையத்துக்குப் பஸ் ஏறினேன்.

அந்த வீட்டுக் கூடத்தில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா மெலிந்திருந்தாள், முடி நன்றாக நரைத்திருந்தது. எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். நான் பையிலிருந்து கத்தியை எடுத்துத் தரையில் வைத்தேன்.

"திறக்கமாட்டேங்குது. திறந்து தா."

எடுத்தாள். பழைய பலத்தோடு நகத்தைக் கொடுத்து நெம்பினாள். அலகு விருட்டென்று விரிந்து, அவளே திடுக்கிட்டுப் போனாள். மடக்கினாள். இந்தத் தடவை விரல் நுனியால் திறந்தாள். ஒரு சின்னப் பிள்ளைகூடத் திறக்கலாம் அதை.

"இதுக்கா பஸ் ஏறி வந்தே?"

"ஆமா."

"வேற ஒண்ணும் கேக்க வரலையா?"

ஏழு கிராமம் நடந்த களைப்பு மொத்தமும் அந்தக் கூடத்தில் வந்து உட்கார்ந்தது போலிருந்தது.

"வீட்டுக்கு வாக்கா" என்றேன். "என்னால முடியலை."

அவள் கத்தியை மடக்கினாள். நான் என்னை அறியாமல் கையை நீட்டியிருந்தேன். அவள் அந்தக் கையில் கொடுக்கவில்லை. முன்னால் குனிந்து, என் காலடியில், தரையில் பதனமாக வைத்தாள்.

"எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள். தகரப் பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது.