கடைசிக் கூறு

என் மாமா உலகத்தைத் திருத்தக் கிளம்பிய காலத்தில் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மாவின் ஒரே தம்பி. கோவில்பட்டியில் ஒரு மில்லில் வேலை பார்த்தவர், ஸ்ட்ரைக்கில் முன்னால் நின்று கோஷம் போட்டதற்காக வேலையை இழந்து, ஒரு தகரப் பெட்டியும் சிவப்புத் துண்டுமாக எங்கள் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினார். வேலை போனவர் முகமாகவே இல்லை அது. போட்டியில் பரிசு வாங்கிக்கொண்டு வந்தவர் முகம். எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. உலகத்திலேயே பெரிய ஆள் மாமாதான் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

சாப்பாட்டு வேளையில் பேச ஆரம்பிப்பார். மில்லெல்லாம் சர்க்காருக்கு, சர்க்கார் உழைக்கிற சனத்துக்கு, நிலம் உழுதவனுக்கு, பேங்கும் பஸ்ஸும் எல்லாருக்கும். மோர்ச்சோற்றுக்கு வருவதற்குள் பழைய சட்டம் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. அப்பா கரிசல் காட்டில் வெள்ளாமை பார்க்கிற சம்சாரி. எதிர்த்துப் பேச மாட்டார், கேலி செய்வதோடு சரி.

"அதெல்லாம் சரி மாப்ளே. உங்க சர்க்காரு வந்தா எனக்கு ஒத்த மாட்டையாவது விட்டு வைப்பியளா, அதையும் ஓட்டிட்டுப் போயிருவியளா?"

"மாடு உங்களுக்குத்தான் அத்தான். ஆனா அதுக்கும் வாரத்துல ஒரு நாளு லீவு உண்டு."

அந்த வருஷம் பருத்தி நன்றாக வெடித்திருந்தது. பெண்கள் பகலெல்லாம் எடுத்து, மடி கொள்ளாமல் சுமந்துகொண்டு சாயங்காலம் எங்கள் களத்துக்கு வருவார்கள். கூலி காசாகக் கிடையாது. ஒவ்வொருத்தி எடுத்த பருத்தியையும் அப்பா பத்துக் கூறாக வைப்பார். ஒன்பது எங்களுக்கு, ஒன்று அவளுக்கு. எது அவளுக்கு என்று கை காட்டுவதும் அப்பாதான். கூறு வைப்பதில் அப்பா பெயர் எடுத்தவர். பத்தும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி நிற்கும், யாரும் குற்றம் சொல்ல முடியாது. அள்ளி மடியில் போட்ட பிறகுதான் ஏனோ அவர்கள் மடி நிறையாது.

ஒரு நாள் மாமா களத்தில் வந்து குந்தினார். பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதுபோல ஒவ்வொரு குவியலுக்குள்ளும் கையை விட்டுப் பார்த்தார். எங்கள் ஒன்பதும் அழுத்தி வைத்த பருத்தி. பத்தாவதை மட்டும் உதறி உதறிப் பொலபொலவென்று வைத்திருந்தார் அப்பா. மாமா கையைத் தட்டிக்கொண்டு எழுந்து போனார். அன்றைக்குச் சாப்பாட்டில் உலகத்தைப் பற்றிய பேச்சே இல்லை.

மறுநாள் காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு காட்டுப் பாதையில் வடக்குத் தெரு அத்தையை மறித்தார். அப்பாவுக்குத் தங்கை முறை, புருஷன் இல்லாதவள். அவளும் மகளும் பருத்தி எடுத்துத்தான் அடுப்பு எரிந்தது. கூறில் இருக்கிற சூதைச் சொல்லி, அப்பாவிடம் கேட்கச் சொன்னார் மாமா.

"போங்க தம்பி," என்றாள் அத்தை. "நாளைக்கு நீ எடுக்க வர வேண்டாம்னு அண்ணாச்சி சொல்லிட்டா நானும் எம்புள்ளையும் மண்ணையா திங்க?"

"கூலி கூட்டிக் கேக்க வேண்டாம். அதே பத்துல ஒண்ணுதான். கூறு அவிய வைக்கட்டும். அதுல எது உங்களுக்குன்னு எடுக்கது நீங்களா இருக்கணும்."

அத்தை விலகிக் காட்டைப் பார்த்து நடந்தாள். ஆனால் சில நாள் கழித்து ஒரு காலையில், எடுக்க வந்த பெண்கள் எல்லாரும் காட்டுக்குள் இறங்காமல் வேலமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். முன்னால் வடக்குத் தெரு அத்தை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"என்ன தாயி, காடு வெளுத்துக் கெடக்கு, உக்காந்திருக்கிய?" என்றார் அப்பா.

"நீங்க கூறு வைங்க அண்ணாச்சி. எங்களுக்கு எது வேணுமோ அத நாங்க எடுத்துக்கிடுதோம். வேற ஒண்ணும் கேக்கல."

அப்பா திரும்பி மாமாவைப் பார்த்தார். மாமா ரொம்ப மரியாதையாகக் கேட்டார். "பத்தும் சமந்தானே அத்தான்? அப்ப யாரு எடுத்தா என்ன?"

அப்பா முடியாது என்றால் கூறு சமமில்லை என்று தானே ஒப்புக்கொண்டதாகும். சுற்றுவட்டாரத்தில் எடுத்த பெயர் என்னாவது? மேற்கே கழுகுமலைப் பக்கம் வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு கோடை மழை அடித்தால் வெடித்த பருத்தி கறை பிடித்த கந்தல்தான். அப்பா வானத்தைப் பார்த்தார், காட்டைப் பார்த்தார், உச்சிப் பொழுதில் "சரி, இறங்குங்க" என்றார். பெண்கள் குலவை போட்டுக்கொண்டு இறங்கினார்கள். அன்றைக்கு எடுத்த மாதிரி அவர்கள் என்றைக்கும் எடுத்ததில்லை. மழை வருவதற்குள் வெள்ளையெல்லாம் போய்க் காடு கறுத்துவிட்டது.

சாயங்காலம் களத்தில் ஊரே கூடிவிட்டது. மாமா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். சிவப்புத் துண்டு என் கையில். முதலில் அத்தையின் பருத்தி. அப்பா வைக்கிறார், எடுக்கிறார், இதில் ஒரு பிடி குறைத்து அதில் சேர்க்கிறார். வேர்த்துக் கொட்டுகிறது. அவ்வளவு நேர்மையாக ஒரு மனிதர் பாடுபட்டு நான் பார்த்ததில்லை. அத்தை குவியல்களைச் சுற்றி மெதுவாக நடந்தாள். ஒவ்வொன்றிலும் கையை விட்டுப் பார்த்தாள். பிறகு குனிந்து ஒன்றை அள்ளினாள். மடி இடுப்பை இழுத்தது. அவள் மகள் கைகொட்டிச் சிரித்தாள். எனக்குத் தொண்டை வலிக்கிற அளவுக்கு நானும் கத்தினேன். நஷ்டம் எங்கள் வீட்டுக்கு என்பதே மறந்துபோனது. அந்தப் பருவம் முடிவதற்குள் அக்கம்பக்கத்துக் களங்களிலும் எடுக்கிறவளே கூறு பார்த்து அள்ளுவது வழக்கமாகிவிட்டது.

அன்று பொழுது சாய்ந்ததும் வீட்டில் கருவாட்டுக் குழம்பு. அம்மா முதலில் அப்பாவுக்கு, பிறகு மாமாவுக்கு, பிறகு எனக்கு வைத்தாள். அப்பாவின் கோபம் குழம்பு வாசனையிலேயே பாதி இறங்கியிருந்தது. மாமா தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கூட்டத்தில் பேசுகிற மாதிரி பேசினார்.

"பங்கு வைக்கிறவன் மிஞ்சுனதத்தான் எடுத்துக்கிடணும். நாளைக்கு சர்க்காரு நடத்துறவனுக்கும் இதுதான் சட்டம். இத எல்லா எடத்துலயும் கொண்டு வந்திருவோம்."

அம்மா அகப்பையால் சட்டியை வழித்துக்கொண்டே சொன்னாள். "எங்க அடுப்பங்கரைக்கு அது எப்பவோ வந்துட்டு தம்பி."

மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். அப்பாவுக்குப் புரை ஏறிவிட்டது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது நான்தான். அம்மாவும் நம்ம கட்சி என்று எனக்கு ஒரே பெருமை.

சிரித்து முடித்து மாமா இன்னொரு துண்டு கருவாடு கேட்டார். அம்மா சட்டியைச் சரித்துப் போட்டாள். அதற்குப் பிறகு சட்டிக்குள் என்ன இருந்தது என்று எட்டிப் பார்க்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.