மாமாவுக்குப் போர்த்திய சவூதிப் போர்வை

பிள்ளைகளே, உங்கள் மாமா ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் செருப்பைத் தேடும்போது விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. பக்கத்தில் நின்ற ஒருவர் நெஞ்சை விடாமல் அழுத்தினார். ஆஸ்பத்திரியில் மின்சாரம் கொடுத்ததும் துடிப்பு திரும்பியது. கண்தான் திறக்கவில்லை. மூளை எந்த அளவுக்குத் தேறும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டொக்டர்.

ஐசியூவுக்குள் போய்த் தன் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்த உங்கள் உம்மா அழுதார்.

"காக்காட கால் ஐஸ் மாதிரிக் கிடக்கு. உசிர் போன மையத்துக்குத்தான் அப்படிக் குளிரும். சும்மா நிக்காம என்னமாவது செய்யுங்களன்."

செய்தேன். சவூதியிலிருந்து நான் சுமந்து வந்த, புலிப் படம் போட்ட கம்பளிப் போர்வை வீட்டில் கிடந்தது. கல்முனை வெக்கையில் அதை யாரும் ஒருநாளும் போர்த்தியதில்லை. இதற்காகத்தான் வாங்கியிருக்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை. பையில் அமுக்கிக்கொண்டு பார்வை நேரத்தில் உள்ளே போய், மச்சானைக் கழுத்து வரை புலியால் மூடினேன். ஏசியை நிறுத்தும் சுவிச்சையும் கண்ணால் தேடிக்கொண்டிருந்தேன். தாதி வந்துவிட்டார்.

"ஆர் ஐயா இந்தப் புலியக் கொண்டந்தது?"

"நான்தான் மிஸ். அவருக்குக் குளிருது."

"அவருக்குக் குளிரல்ல, உங்களுக்குத்தான் குளிருது. நாங்க காய்ச்சல் வராமக் காவல் இருக்கம், நீங்க ஆள அவிக்கப் பாக்கிறீங்க."

போர்வையை உருவி என் கையில் தந்துவிட்டு, மெஷினில் ஒளிர்ந்த எண்ணைக் காட்டினார்.

"கால் குளிர்ந்தாலும் உள்ளுக்குச் சூடு சரியா இருக்கு. இதயம் நின்டதில மூள நொந்து போய்க் கிடக்கு. அதுக்கு மேல காய்ச்சலும் வந்தா இன்னும் கெட்டிரும். விளங்குதா?"

"ஓம் மிஸ்."

புலியை மறுபடியும் பையில் அமுக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

"போர்த்தினீங்களா?" என்றார் உங்கள் உம்மா.

"போர்த்தினன்" என்றேன். எவ்வளவு நேரம் என்று அவர் கேட்கவில்லை.

வெளியே கிடந்த மர வாங்கில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. மச்சான் கண் விழித்தும் எங்களைத் தெரியாமல் போனால்?

சில நாட்களில் மயக்க மருந்தைக் குறைத்தார்கள். கண் திறந்தார். மூச்சுக்காக வாயில் போட்டிருந்த குழாயைக் கழற்றிய பிறகு டொக்டர் என்னைக் காட்டி, "இவர் ஆரெண்டு தெரியுதா?" என்று கேட்டார்.

மச்சான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கரகரத்த குரலில் மெல்லச் சொன்னார்:

"தங்கச்சிர மாப்புள. ஒரு வேலயும் உருப்படியாச் செய்யத் தெரியாது."

டொக்டர் என் பக்கம் திரும்பினார். "சொல்றது சரியா?"

"ரெண்டும் சரி டொக்டர்" என்றேன்.