செக்போஸ்ட் தாண்டாத கார்டு

மில்லில் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாக இருப்பவனுக்குப் பாதி வைத்தியம் தெரிந்திருக்க வேண்டும். மீதிப் பாதிக்கு டாக்டர் எங்கே இருக்கிறார் என்றாவது தெரிந்திருக்க வேண்டும். எழுபதுகளில் கேரள எல்லைக்குள், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு நூல் மில்லில் எனக்கு வருகைப் பதிவோடு இ.எஸ்.ஐ. கார்டு வேலையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள், நோய் வந்தால் இலவசமாக வைத்தியம் பார்ப்பார்கள். கேட்க எவ்வளவு சுகமாக இருக்கிறது! கையில் கார்டோடு டிஸ்பென்சரி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவர்கள், நான் மேலே சொல்வதற்கு முன்பே தலையாட்டுவீர்கள்.

நான் அடித்த மெமோ

ஃபிட்டர் நாச்சிமுத்து மெஷினை விட்டு அடிக்கடி காணாமல் போகிறார் என்று சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்தார். விளக்கம் கேட்டு மெமோ அடிப்பது என் வேலை. அடித்தேன். நாச்சிமுத்து நாற்பது வயதுக்காரர், நல்ல ஆகிருதி, மீசைக்குத் தனியாக எண்ணெய் போடுகிறவர். அன்று என் மேஜை முன் வந்து நின்றபோது மீசை மட்டுந்தான் பழையபடி இருந்தது. முகமெல்லாம் வேர்வை. ஒரு கையால் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எங்கே போறீங்க அடிக்கடி?" என்று அதிகாரமாகக் கேட்டுவிட்டேன். இன்றும் நினைத்தால் கூசுகிறது. அவர் மெமோவை வாங்கி நாலாக மடித்தார். வாசலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஏனுங்க, கையெழுத்துப் போட்டுட்டுப் போகட்டுமா, போயிட்டு வந்து போடட்டுமா? நின்னு பேசற நிலைமையில நான் இல்லீங்க."

மூன்று மாத மிக்சர்

மறுநாள் நானே அவரை டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனேன். மெமோ அடித்த பாவத்துக்குப் பரிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போனபிறகுதான் விஷயம் தெரிந்தது. மனிதர் மூன்று மாதமாக அங்கே வந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். ஆனால் டாக்டர் பக்கத்தில் நர்ஸ் நின்றதால், மூத்திரம் போக முடியவில்லை என்று சொல்ல வாய் வராமல், "வயித்து வலிங்க" என்று சொல்லியிருக்கிறார். அவர்களும் வயிற்று வலிக்கு ரோஸ் நிற மிக்சரைப் பாட்டில் பாட்டிலாகக் கொடுத்திருக்கிறார்கள். இவரும் ஒரு வேளைகூடத் தவறாமல் குடித்திருக்கிறார்.

நான் நர்ஸை வெளியே போகச் சொல்லிக் கெஞ்சி, உள்ளதைச் சொன்னேன். டாக்டர் மலையாளி, நல்ல மனுஷன். அமுக்கிப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார். வந்தது. வழியை அடைத்துக்கொண்டு கல். இப்படியே விட்டால் சிறுநீரகம் கெட்டுப்போகும் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். எங்கே அனுப்பப் போகிறீர்கள் என்று கேட்டேன். அவர் மேஜை மேல் இருந்த பட்டியலை மேலிருந்து கீழும், கீழிருந்து மேலும் பார்த்தார். "கண்ணுக்கு ஆளுண்டு, பல்லுக்கு ஆளுண்டு, பிரசவத்துக்கு ரெண்டு பேருண்டு. இதுக்கு உள்ள ஆளு ட்ரான்ஸ்ஃபர் ஆகிப் போயி, பதிலுக்கு வேற ஆளு வந்திட்டில்லை கேட்டோ."

அவசரத்தில் படித்த போர்டு

அடுத்த இடம் கேரளத்தின் மறுகோடியில் இருந்தது. அங்கே எழுதிப் போட்டு, முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். கல் காத்திருக்குமா? பாலக்காட்டில் யாராவது இந்தக் கார்டுக்குப் பார்ப்பார்களா என்று நாச்சிமுத்துவை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன். ஒவ்வொரு பள்ளத்திலும் அவர் பல்லைக் கடிப்பார், நான் கண்ணை மூடிக்கொள்வேன். மூன்று இடத்தில் கார்டைத் தொடவே இல்லை. நாலாவதாக ஒரு போர்டு. ஸ்பெஷலிஸ்ட் என்ற சொல் கண்ணில் பட்டதும் விறுவிறுவென்று உள்ளே நுழைந்துவிட்டேன்.

டாக்டர் கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர், வயதானவர். நான் மூச்சு விடாமல் கல், அடைப்பு, மெமோ, மிக்சர் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு எங்களுக்கு மோர் கொடுக்கச் சொன்னார். கோயமுத்தூரில் இதற்கென்றே ஒரு டாக்டர் இருக்கிறார், தமிழ்நாட்டு இ.எஸ்.ஐ. கார்டுக்கு அவர் பார்க்கிறார் என்று ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தார். கிளம்பும்போது கைகூப்பினேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நன்னா ஆயிடும், தைரியமா போங்கோ. ஆனா இனிமேலாவது போர்டை முழுக்கப் படிச்சுட்டு உள்ள வாங்கோ, நான் காது டாக்டர்."

ஆள் தூங்கும் இடம்

கோயமுத்தூர் எங்களுக்கு எட்டிப் பார்க்கிற தூரம். பஸ் போகிறது, காய்கறி போகிறது, கல்யாணக் கூட்டம் போகிறது. கார்டு மட்டும் செக்போஸ்ட் தாண்டாது. கேரளத்துக் கார்டுக்குக் கேரளத்து டாக்டர்தான். நான் லீவு போட்டு அந்தப் பக்கத்து இ.எஸ்.ஐ. ஆபீசுக்குப் போய், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கேட்டேன். தமிழ்நாட்டிலிருந்து தினமும் எங்கள் மில்லுக்கு வேலைக்கு வருகிற சிலருக்கு அங்கேயே கார்டு இருக்கிறதே, அது எப்படி?

அங்கிருந்த குமாஸ்தாவும் என் ஜாதிதான், அதாவது ரப்பர் ஸ்டாம்ப் ஜாதி. ஒரு ஃபாரத்தை நீட்டினார். நாச்சிமுத்துவுக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் வீடு இருக்கிறதா என்றார். மாமியார் வீடு இருக்கிறது, பொள்ளாச்சி ரோட்டில் என்றேன். அப்படியானால் அந்த முகவரியைச் சும்மா எழுதிவிடலாமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன். அவர் என்னைவிடப் பயந்தாங்கொள்ளி. "சும்மா எழுதினா உங்க வேலையும் போகும், என் வேலையும் போகும். ஆளு ராத்திரி எங்கே தூங்கறாரோ அங்கேதான் சார் கார்டு."

தபாலில் வந்த பத்திரிகை

வழி கிடைத்துவிட்டது என்று ஓடி வந்து சொன்னேன். நாச்சிமுத்து கேட்டுக்கொண்டே இருந்தவர், மாமியார் வீடு என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மச்சினன் கல்யாணத்துக்கு நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காமல், பத்திரிகையைத் தபாலில் அனுப்பிவிட்டார்களாம். அதிலிருந்து நாலு வருஷமாக அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மனைவி மட்டும் தீபாவளிக்குப் போய் வருவாள்.

எனக்குக் கோபம் வந்தது. உயிர் பெரிதா, பத்திரிகை பெரிதா என்று கத்தினேன். வலியில் அவர் உதடு கோணியது, தலை மட்டும் குனியவில்லை. "கூப்பிடாத ஊட்டுல போய் உடம்பு சரியில்லைன்னு படுக்கச் சொல்றீங்களா? வேண்டாமுங்க. கல்லு என்னோடது, நானே வச்சுக்கறேன்."

மில் கேட்டில்

அன்று சாயங்காலமே அவருக்குக் குளிர் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதே என்று டிஸ்பென்சரி டாக்டர் சொல்லியிருந்தார். நான் பொள்ளாச்சி பஸ் பிடித்தேன். இன்னொருவர் குடும்பத்தில் தலையிடுகிறோம், மனிதருக்குத் தெரிந்தால் என்னைச் சும்மா விடமாட்டார். மாமியார் ராமாத்தாள் நான் சொன்னதையெல்லாம் கேட்டு முடித்து, "சரிங்க" என்று ஒரே வார்த்தை சொன்னார். காரியம் கெட்டது என்றுதான் திரும்பினேன்.

மறுநாள் காலை நாச்சிமுத்து லீவு எழுதிக் கொடுக்கத் தள்ளாடிக்கொண்டு வந்தார். மில் கேட்டில் ராமாத்தாள் நிற்கிறார். கையில் தாம்பாளம், அதில் வெற்றிலை, பாக்கு, பழம், ஒரு வேட்டி. ஷிஃப்ட் மாறுகிற நேரம், மொத்த மில்லும் பார்க்கிறது. மாப்பிள்ளையிடம் நேராகப் பேசுகிற வழக்கம் அவர்களுக்கு இல்லை. இரண்டடி தூரத்தில் மாப்பிள்ளை நிற்க, அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சொன்னார்: "மாப்பிள்ளைகிட்டச் சொல்லுங்க. அன்னிக்குத் தபால்ல கூப்பிட்டது எங்க தப்புங்க. இன்னிக்கு நேர்ல வந்து கூப்பிடறேன், ஊட்டுக்கு வந்து படுத்துக்கச் சொல்லுங்க."

ஃபாரம் எண் இரண்டு

நாச்சிமுத்து தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அன்றிரவு அவர் மாமியார் வீட்டில் தூங்கினார். விடிந்ததும் நான் ஃபாரத்தைக் கையிலேயே எடுத்துக்கொண்டு ஓடினேன், பயந்தாங்கொள்ளிக் குமாஸ்தா நின்றபடியே சீல் குத்தினார். கோயமுத்தூர் டாக்டர் கல்லை எடுத்துவிட்டு, இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் ஒரு பக்கத்துச் சிறுநீரகம் தங்கியிருக்காது என்றார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அப்படி ஒரு பயம் இருந்திருக்கிறது.

இரண்டு மாதத்தில் நாச்சிமுத்து மெஷினுக்குத் திரும்பினார். இனி கார்டைப் பழையபடி கேரளத்துக்கு மாற்ற வேண்டுமே என்று அடுத்த ஃபாரத்தை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. பஸ் நேரம் பார்த்தார். பொள்ளாச்சி பஸ். "இருக்கட்டுங்க, இப்ப என்ன அவசரம்? அத்தை இன்னும் போகச் சொல்லலீங்க."

இ.எஸ்.ஐ. கார்டில் பெயருக்கு இடம் உண்டு, அப்பா பெயருக்கு இடம் உண்டு, கைரேகைக்குக்கூட இடம் உண்டு. ஆளைப் பிழைக்க வைத்த மாமியாருக்குத்தான் ஒரு கட்டம் விட மறந்துவிட்டார்கள்.